மெமரி கார்டு: வாங்குவதிலிருந்து ஃபார்மட் அடிப்பது வரை, புதிதாகக் கேமரா தூக்குபவர்களுக்கு

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் புதிதாக விசேஷங்களுக்குப் படம் எடுக்கக் கிளம்பும் பிள்ளைகள் பெரும்பாலும் கேமராவை வாடகைக்கு எடுக்கிறார்கள், லென்ஸைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்குகிறார்கள். சொந்தக் காசில் வாங்கும் முதல் பொருள் மெமரி கார்டுதான். அதைத்தான் யோசிக்காமல் வாங்குகிறார்கள். கல்யாணத்தன்று கேமரா நின்றால் பக்கத்து ஏரியா நண்பனின் கேமரா வந்துவிடும். கார்டு போனால் தாலி கட்டியதை யாரும் திரும்பக் கட்டப் போவதில்லை.

எனக்கு இதெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கேமராவோடு வந்த புத்தகத்தைப் படித்தும், கண்டவரிடம் கேட்டும், மண்டபத்தில் கைகால் உதறியும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்

நமக்குக் கார்டு கிடைக்கும் இடங்கள் மூன்று: பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார், ரிச்சி தெரு, ஆன்லைன். ரிச்சி தெருவுக்கு பஸ்ஸில் போய் மவுண்ட் ரோட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

எங்கே வாங்கினாலும் கிளம்பும் முன் அந்தக் கார்டின் விலையைக் கம்பெனியின் அதிகாரபூர்வ ஆன்லைன் கடையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டு விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது, அதனால் நான் ஒரு தொகை எழுதிப் பயனில்லை. நூறு இருநூறு குறைவாகச் சொன்னால் அது வியாபாரம். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் அந்தக் கார்டு போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் அடுத்த கேள்வி வரும்: "பில்லு வேணுமா தம்பி? பில்லோட ஒரு ரேட்டு, பில்லு இல்லாம ஒரு ரேட்டு." 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று மனசு சபலப்படும். வேண்டாம், பில்லோடு வாங்குங்கள். நல்ல கம்பெனிக் கார்டுகளுக்குப் பல வருட வாரண்டி உண்டு, ஆனால் பில் இல்லாமல் யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள். சூட்டில் அச்சாகும் அந்த வழவழப்பான பில் காகிதம் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே பில்லையும், கார்டின் முன்பக்கம் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். இன்னொன்று: வாரண்டி கார்டுக்குத்தான், உள்ளே இருந்த படங்களுக்கு இல்லை.

கார்டின் மேல் இருக்கும் எண்களில்தான் புதியவர்கள் ஏமாறுவது. பெரிதாக 170, 200 என்று போட்டிருப்பது படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதற்குச் சின்னதாக ஒரு குறி இருக்கும்: வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி, வி60 என்றால் 60, வி90 என்றால் 90. யூ என்ற எழுத்துக்குள் 3 இருந்தாலும் 30தான். யூவுக்குள் 1, அல்லது வட்டத்துக்குள் 10 இருந்தால் வெறும் 10. 4கே வீடியோவைக் கேமரா 100 எம்பிபிஎஸ் என்று காட்டும். அது பிட் கணக்கு, எட்டால் வகுத்தால் நொடிக்குப் பன்னிரண்டரை எம்பி. அதற்கு வி30 தாராளம். 400 எம்பிபிஎஸ்ஸில் எடுப்பவருக்குத்தான் வி60 வேண்டும். உங்கள் கேமராவில் ஒரே வரிசைப் பின்னுக்குத்தான் (கார்டின் முதுகில் இருக்கும் தங்க நிறப் பட்டைகள்) இடம் என்றால் இரண்டு வரிசைப் பின் உள்ள விலை உயர்ந்த யூஎச்எஸ்-2 கார்டை வாங்கியும் வேகம் கூடாது. ஏ1, ஏ2 என்ற குறி போனில் ஆப் ஓட்டுவதற்கு. அதற்காகக் கேமராக்காரர் கூடுதல் காசு தர வேண்டாம்.

அளவு: 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா ஜேபெக் ஆக்காமல் அப்படியே சேமிக்கும் படம்) ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி வரும், ஆக 64 ஜிபியில் இரண்டாயிரம் படம் சொச்சம். 100 எம்பிபிஎஸ் வீடியோ மணிக்கு 45 ஜிபி தின்னும். 128 ஜிபி ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி இரண்டாக வாங்குங்கள் என்பது என் கட்சி. ஒன்று போனாலும் பாதி விசேஷமாவது கையில் இருக்கும்.

2. புதுக் கார்டைச் சோதிக்காமல் மண்டபத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்

போலிக் கார்டு முதல் நாள் நன்றாகத்தான் ஓடும். அதில் உண்மையில் இருப்பது 16 அல்லது 32 ஜிபி. 128 என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு தாண்டும்வரை எந்தக் குறையும் தெரியாது. தாண்டிய பிறகும் கேமரா எடுத்துக்கொண்டே இருக்கும், ஃபைல் பெயர் ஏறிக்கொண்டே இருக்கும், எரர் எதுவும் வராது. வீட்டுக்கு வந்து திறந்தால் மேல் பாதி மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி, கீழ்ப் பாதி சாம்பல் நிறப் பட்டை. அதற்கடுத்த படங்கள் திறக்கவே திறக்காது. இப்படி ஒரு கார்டு எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பியிடம் வந்து சேர்ந்தது. நல்லவேளை, சோதனையில் சிக்கியது. மேலே சொன்ன கோளாறெல்லாம் வீட்டு மொட்டை மாடியில் தங்கச்சியை நிற்க வைத்து எடுத்த படங்களில் பார்த்தது. விற்ற கடையில் "நீ என்ன பண்ணியோ" என்று சொல்லிவிட்டார்கள். பில் கிடையாது.

சோதிப்பது சுலபம், காசும் இல்லை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 (F3) என்ற மென்பொருள். இரண்டும் இலவசம். காலியான கார்டை, கம்ப்யூட்டரில் செருகும் கார்டு ரீடரில் போட்டு ஓட விட்டால் முழுக் கார்டையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். எழுதும் வேகம் எவ்வளவு என்பதையும் கடைசியில் காட்டும். பிழை இல்லை என்று வந்தால் கார்டு சுத்தம். நேரம் உங்கள் ரீடரைப் பொறுத்தது: பழைய யூஎஸ்பி 2.0 ரீடரில் 64 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், யூஎஸ்பி 3.0 என்றால் அரை மணி சொச்சம். ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். அடுத்த முகூர்த்தம் வரட்டும் என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்களுக்குக் கெடு போய்விடும்.

64 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 59 சொச்சம் என்றும், 128 கார்டு 119 என்றும் காட்டினால் பதறாதீர்கள். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அது போலிக்கான அடையாளம் இல்லை.

3. எண் போடுங்கள்

மார்க்கர் பேனாவால் கார்டின் மேலேயே 1, 2, 3 என்று எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், மூலை கிளம்பி ஸ்லாட்டுக்குள் (கேமராவில் கார்டு போடும் துளை) மாட்டும். கார்டு வைக்கும் டப்பாவில் காலிக் கார்டு முகம் மேலே, எடுத்து முடித்த கார்டு முகம் கீழே. கூட வருகிற உதவியாளருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சட்டைப் பையில் சில்லறையோடு கார்டைப் போடுகிறவரை வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

4. விசேஷத்தில்

வாடகைக் கேமராவோடு கார்டும் தருவார்கள். வாங்கிக்கொள்ளலாம், அதில் எடுக்காதீர்கள். அது எத்தனை கை மாறியதோ தெரியாது, உள்ளே வேறு யாருடைய வீட்டு விசேஷமோ இருக்கும், அதை அழிக்கும் உரிமையும் உங்களுக்கில்லை. கேமராவைத் திருப்பித் தரும்போது இரண்டு ஸ்லாட்டையும் திறந்து பாருங்கள். இரண்டாவது ஸ்லாட்டில் தன் கார்டை விட்டுவிட்டு மூலக்கொத்தளம் வரை போய்த் திரும்பி ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஸ்லாட் உள்ள கேமரா என்றால் இரண்டாவதை பேக்கப் என்று வையுங்கள். ஒரே படம் இரண்டிலும் ஏறும். ஓவர்ஃப்ளோ என்று இருந்தால் ஒன்று நிரம்பிய பிறகுதான் மற்றதில் ஏறும், அதனால் பாதுகாப்பு எதுவும் இல்லை. வாங்கும்போதே ஓவர்ஃப்ளோவில் வரும் கேமராக்கள் உண்டு, மெனுவில் பார்த்து மாற்றுங்கள். ஒரு ஸ்லாட்தான் என்றால் முந்தின நாள் ரிசப்ஷனுக்கு ஒரு கார்டு, விடிகாலை முகூர்த்தத்துக்கு வேறு கார்டு. நாலு படத்துக்கு இடம் இருக்கிறதே என்று பழைய கார்டிலேயே முகூர்த்தத்தை ஆரம்பிக்காதீர்கள். கெட்டிமேளம் கேட்கும் நேரத்தில் கார்டு ஃபுல் என்று வந்தால் ஐயர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்.

கார்டைக் கழற்றும் முன் கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்ததா என்று பார்த்து, ஸ்விட்சை ஆஃப் செய்து, பிறகு கதவைத் திறங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினாலோ, பேட்டரி தீர்ந்து நின்றாலோதான் கார்டு பெரும்பாலும் கரப்ட் ஆகிறது. இடம் பிடிக்க வேண்டும் என்று மண்டபத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டெலிட் செய்வதையும் விடுங்கள். அவசரத்தில் கை தவறுவது அப்போதுதான்.

5. காப்பி போடுவது

இதுதான் நீளமான படி, அவசரப்படாதீர்கள்.

அன்றிரவே காப்பி போடுங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சரி. கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள், காப்பிதான்: நடுவில் கரண்ட் போனாலும் மூலம் கார்டில் அப்படியே இருக்கும். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று. இரண்டாவது காப்பியை லேப்டாப்பிலிருந்து எடுக்காமல் கார்டிலிருந்தே எடுங்கள். முதல் காப்பியில் பழுது இருந்தால் அது இரண்டாவதிலும் போய்விடும். யூஎஸ்பி 3.0 ரீடரும் (லேப்டாப்பில் நீல நிறத் துளை பெரும்பாலும் அதுதான்) ஓரளவு நல்ல கார்டும் இருந்தால் 64 ஜிபி கால் மணி நேரத்தில் முடியும். பழைய ரீடரில் முக்கால் மணி வரை இழுக்கும். ரீடரில் மிச்சம் பிடிக்காதீர்கள், அது சில நூறு ரூபாய்ப் பொருள்.

கேமரா படங்களைப் போட்டு வைக்கும் டிசிஐஎம் (DCIM) ஃபோல்டரை மட்டும் காப்பி போட்டுவிட்டு எல்லாம் வந்தாச்சு என்று ஃபார்மட் அடிப்பது பெரிய பொறி. கேனான், நிக்கானில் எம்பி4 வீடியோவும் அங்கேதான் இருக்கும். சோனியில் போட்டோ டிசிஐஎம்-மில், வீடியோ பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப் என்று உள்ளே உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். கேனானிலிருந்து சோனிக்கு மாறியவர்கள் வரிசையாக இதில்தான் விழுகிறார்கள். எந்தக் கேமராவாக இருந்தாலும் கார்டில் இருக்கும் எல்லா ஃபோல்டரையும் அப்படியே அள்ளிக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பது: கார்டில் உள்ள ஃபோல்டர்களை எல்லாம் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த சைஸையும் குறியுங்கள். காப்பி போட்ட இடத்திலும் அதே எண் வர வேண்டும். பிறகு முதல் படம், நடுவில் பத்து, கடைசிப் படம் இவற்றைத் திறந்து நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னப் படம் தெரிகிறதே என்று நம்பாதீர்கள். ரா ஃபைலுக்குள் தனியாக ஒரு சின்ன ஜேபெக் இருக்கும், அது நன்றாகத் தெரிந்தும் உள்ளே படம் கெட்டிருக்கலாம். வீடியோவைக் கடைசி ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்கும் ஒரே அலமாரியில் இருந்தால் ஒன்று இருப்பதற்குச் சமம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று மாடி வீட்டு அக்காவிடமோ பெரம்பூர் மாமா வீட்டிலோ.

கார்டை எடிட்டரிடமோ ஆல்பம் லேபிலோ நேரடியாகக் கொடுக்காதீர்கள், காப்பியைக் கொடுங்கள். பார்ட்டியிடம் "ஆல்பம் வாங்கியதிலிருந்து இத்தனை மாதம்வரைதான் முழு டேட்டா வைத்திருப்பேன்" என்று முன்பணம் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி, அவர்கள் சரி என்று பதில் போட்டதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து "தம்பி, அந்தப் பெரியப்பா போட்டோ" என்று போன் வரும்.

6. ஃபார்மட்

இரண்டு காப்பியும் சரிபார்த்தாகிவிட்டதா? இப்போது ஃபார்மட். அடுத்த வேலைக்கு முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து அடியுங்கள், மண்டப வாசலில் வேண்டாம்.

கம்ப்யூட்டரில் அடிக்காதீர்கள், எந்தக் கேமராவில் எடுக்கப் போகிறீர்களோ அதிலேயே அடியுங்கள். 32 ஜிபி வரை ஃபேட்32, அதற்கு மேல் எக்ஸ்ஃபேட் (இரண்டும் கார்டில் ஃபைல்களை அடுக்கும் முறைகள்) என்று கேமராவே தனக்கு வேண்டியபடி அமைத்து, தன் ஃபோல்டர்களையும் போட்டுக்கொள்ளும். கம்ப்யூட்டரில் தெரியாமல் விண்டோஸின் முறையான என்டிஎஃப்எஸ் என்று அடித்துவிட்டால் கேமரா கார்டையே அடையாளம் காணாது. அப்படி ஆகிவிட்டால், இந்த எஸ்டி வகைக் கார்டுகளுக்குத் தரம் வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் எஸ்டி மெமரி கார்டு ஃபார்மட்டரில் ஒரு முறை அடித்து, பிறகு கேமராவில் இன்னொரு முறை அடியுங்கள்.

பேட்டரி நிறைந்திருக்கட்டும். கேனானில் ஸ்பானர் படம் போட்ட மெனுவில் ஃபார்மட் கார்டு. நிக்கானில் செட்டப் மெனுவில் ஃபார்மட் மெமரி கார்டு. சில நிக்கான் கேமராக்களில் சிவப்பில் ஃபார்மட் என்று எழுதிய இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்து, எழுத்து மினுக்கும்போது மறுபடி அழுத்தினாலும் வேலை முடிந்தது. சோனியில் மாடலுக்கு மாடல் இடம் மாறும், மீடியா என்ற தலைப்பின் கீழ் தேடுங்கள். இரண்டு ஸ்லாட் என்றால் எது என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு ஓகே கொடுக்காமல் ஸ்லாட் எண்ணைப் படியுங்கள். சில நொடிதான் ஆகும்.

பூட்டி வைத்த, அதாவது புரொடெக்ட் செய்த படம் டெலிட் ஆல் கொடுத்தால் தப்பிக்கும். ஃபார்மட் கொடுத்தால் அதுவும் போய்விடும்.

கேனானில் லோ லெவல் ஃபார்மட் என்று கூடுதலாக ஒரு டிக் இருக்கும். எழுதும் வேகம் குறைந்ததாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள். சாதாரண ஃபார்மட் ஃபைல் பட்டியலைத்தான் அழிக்கிறது, படங்கள் மேலெழுதப்படும்வரை அடியில் இருக்கும். லோ லெவலுக்குப் பிறகு மீட்கலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

அடித்து முடித்ததும் இரண்டு படம் எடுத்துத் திரையில் போட்டுப் பாருங்கள்.

7. எரர் வந்துவிட்டால்

அந்தக் கார்டில் அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். இது ஒன்றைச் செய்தாலே மீட்க வாய்ப்பு அதிகம். கார்டைக் கழற்றி, அதன் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளி, தனியாக வைத்துவிட்டு வேறு கார்டில் வேலையைத் தொடருங்கள். பார்ட்டியிடம் அந்த இடத்தில் எதுவும் சொல்ல வேண்டாம், முதலில் பார்ப்போம்.

வீட்டில் ரீடரில் போட்டதும் "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் கேட்கும். கேன்சல் கொடுங்கள். ஃபோட்டோரெக் (PhotoRec) என்ற இலவச மென்பொருள் கறுப்புத் திரையும் எழுத்துமாகப் பயமுறுத்தும், ஆனால் நன்றாக மீட்கும். மீட்ட படங்களை லேப்டாப்பில் சேமியுங்கள், அதே கார்டில் சேமித்தால் மீதியும் அழியும். ஃபைல் பெயர்கள் மாறி வரும், அதை ஒழுங்குபடுத்த ஒரு நாள் ஒதுக்குங்கள்.

அதிலும் வராவிட்டால் ரெகவரி கடை. கொடுக்கும் முன் கேளுங்கள்: பார்ப்பதற்கே கட்டணமா, கிடைத்தால் மட்டுமா? ஃபைல் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணமா? மீட்டதைத் தங்களிடமிருந்து அழித்துவிடுவார்களா? அடுத்தவர் வீட்டுப் பெண்களின் படங்கள் அவை. சொன்ன தொகையை எழுதி வாங்குங்கள்.

கார்டு லாக்ட் என்று சும்மா சும்மா வந்தால் அந்த லாக் துண்டு தொளதொளத்துவிட்டது என்று அர்த்தம். அது வெறும் பிளாஸ்டிக், அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பது கேமராதான். டேப் ஒட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. டேப் ஸ்லாட்டுக்குள் உரிந்தால் சர்வீஸ் செலவு கார்டு விலையைத் தாண்டும். படத்தைக் காப்பி போட்டுவிட்டுக் கார்டை ஓரம் வையுங்கள்.

8. உப்புக் காற்றும் ஈரமும்

காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் எடுக்கப் போகாத போட்டோகிராபர் நம்மூரில் இல்லை. அங்கே ஐஸ் தண்ணீரும் உப்பும் எல்லாவற்றிலும் ஏறும். ஈரக் கையோடு கார்டு மாற்றாதீர்கள். காய்ந்த துண்டு ஒன்று பையில் தனியாக இருக்கட்டும். கடல் தண்ணீரில் விழுந்துவிட்டால் கேமராவில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கி, நல்ல தண்ணீரில், முடிந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில், அலசி, நிழலில் இரண்டு நாள் உலர்த்திப் பிறகு ரீடரில் போடுங்கள். கார்டுக்குள் பேட்டரி இல்லை, அதனால் தண்ணீர் மட்டும் அதைக் கொல்வது அபூர்வம். உப்புதான் தங்க முலாம் பூசிய பட்டைகளை அரிக்கும்.

பட்டைகள் மங்கியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் ஒரு துடை. விரல் படாமல் பிடியுங்கள். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. நீல மணி ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்றுங்கள்.

9. ஓய்வு கொடுப்பது

எஸ்டி கார்டின் ஓடு இரண்டு பாதிகளை ஒட்டியது. சில வருடத்தில் விளிம்பு வாய் பிளக்கும், பட்டைகளுக்கு நடுவில் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் கீற்று உடைந்து கேமராவுக்குள்ளேயே தங்கும். ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, வேலை குறைவு. எல்லாக் கார்டையும் எடுத்து, எண் வாரியாக மறுபடி எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டி, வந்த வேகத்தை நோட்டில் போன வருட எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பிழை காட்டும் கார்டை வாரண்டி இருந்தால் பில்லோடு கொண்டு போங்கள். வேகம் மட்டும் குறைந்திருந்தால் முதலில் லோ லெவல் ஃபார்மட். அப்படியும் ஏறாவிட்டால் அதை டெஸ்ட் ஷாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், தம்பி தங்கையின் போட்டோ வகுப்புக்கும் கொடுக்கலாம். வெளியாருக்குக் கொடுப்பதானால் எஸ்டி மெமரி கார்டு ஃபார்மட்டரில் ஓவர்ரைட் முறையில் அடித்துவிட்டுக் கொடுங்கள்.